செங்கோட்டு மையம்

முக்கோணத்தின் மையக்குத்துக்கோடுகள் சந்திக்கும் இடம் சுற்றுவட்ட மையம். கோண இருசமவெட்டிகள் சந்திக்கும் இடம் உள்வட்ட மையம். அங்கே கவராயத்தை ஊன்றினால் வட்டம் வந்துவிடும் என்பதால் இவற்றுக்குப் பெயர்க்காரணம் தேட வேண்டியதில்லை. யூக்ளிட் தம் 4ஆம் நூலில் இந்த இரு வட்டங்களையும் வரைந்து காட்டினார். உச்சிகளிலிருந்து எதிர்ப்பக்கங்களுக்கு இறக்கும் குத்துக்கோடுகளும் ஒரே புள்ளியில்தான் கூடுகின்றன. அதை அவர் சொல்லவே இல்லை.

ஆர்க்கிமிடீஸின் பெயரோடு அரபு மொழி வழியாக நமக்குக் கிடைத்த துணைத்தேற்ற நூல் அந்தப் புள்ளியைக் கையாள்கிறது. ஆய்லர் 1767இல் வெளியான கட்டுரையில் அதை வைத்துப் பெரிய கணக்குகளையே தீர்த்தார். ஆனாலும் ‘ஆர்த்தோசென்டர்’ என்ற பெயர் வந்தது 1865இல். கேம்பிரிட்ஜ் சாலையில் பேசிக்கொண்டே நடந்த பெசண்ட், ஃபெரர்ஸ் என்ற இரு கணித அறிஞர்கள் அதைச் சூட்டியதாகச் சொல்வார்கள்.

பெயரின் பின்பாதி கிரேக்கத்தின் ‘கென்ட்ரான்’. மாட்டைக் குத்தும் தார்க்குச்சிக்கும் அதுதான் பெயர். கவராயத்தின் கூர்முனைக்கும் ஆகி, முனை குத்திய புள்ளிக்கும் ஆயிற்று. வடமொழி வழியாக நம் சோதிடர்கள் சொல்லும் ‘கேந்திரம்’ அதே சொல்தான். முன்பாதியான ‘ஆர்த்தோஸ்’ என்றால் நிமிர்ந்தது, நேரானது, சரியானது.

வட்டமே இல்லாத புள்ளியை மையம் என்பது தகுமா? தகும். ஒவ்வோர் உச்சி வழியாகவும் எதிர்ப்பக்கத்துக்கு இணையாக ஒரு கோடு போடுங்கள். இருமடங்கு பக்கங்களுள்ள பெரிய முக்கோணம் கிடைக்கும். பழைய உச்சிகள் அதன் பக்கங்களின் நடுப்புள்ளிகள். பழைய குத்துக்கோடுகள் அதன் மையக்குத்துக்கோடுகள். நம் புள்ளி பெரியதன் சுற்றுவட்ட மையம். மூன்றும் ஒரு புள்ளியில் கூடுவதற்கு இதைவிட அழகான நிரூபணத்தை நான் அறியேன்.

இலங்கை நூல்களில் இது நிமிர்மையம். கிரேக்கச் சொல்லுக்கு நேர் ஈடு. தமிழ்நாட்டுப் பாடநூலில் செங்கோட்டு மையம். திருச்செங்கோட்டில் செம்மை நிறம், கோடு மலை. இங்கே செம்மை நேர்மை. செங்குத்து, செங்கோணம், செங்கோல் எல்லாவற்றிலும் இருப்பது இதுவே. வளையாததையும் முறையானதையும் ஆர்த்தோஸைப் போலவே செம்மையும் ஒருசேரச் சொல்கிறது. அதனால்தான் எனக்குச் செங்கோட்டு மையமே பிடித்திருக்கிறது.