வழுவமைதி பெற்ற நடை

ஆம்பூரிலும் இராணிப்பேட்டையிலும் உருவாகும் காலணிகள் கடல்கடந்து செல்கின்றன. தோலின் தடிமனையும் அடியின் வளைவையும் தொழிற்சாலை முடிவு செய்கிறது. அணிபவரின் நடையை அது முடிவு செய்வதில்லை. வேலூர் வட்டாரத்தினரான நாம் நன்கறிந்த இவ்வுண்மை, வீடியோ விளையாட்டின் வரலாற்றில் ஒரு வழக்காகவே எழுந்தது. அதனை இங்குச் சுருக்கமாகக் காண்போம்.

நின்டென்டோ 2001 நவம்பரில் ஜப்பானில் வெளியிட்ட 'சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் மெலீ' மேடைச் சண்டை வகை ஆட்டமாகும். எதிராளியை மேடையிலிருந்து வெளியே தூக்கியெறிவதே இதில் வெற்றி. ஆதலின் அடிக்கும் வலிமையைப் போலவே நிற்கும் இடமும் நகரும் விதமும் முதன்மை பெற்றன.

குதித்த மறுகணமே, காற்றில் விலகும் அசைவைத் தரையை நோக்கிச் சாய்வாகச் செய்தால், பாத்திரம் நின்ற கோலத்திலேயே தரையில் வழுக்கிச் செல்லும். இதற்கு 'வேவ்டேஷ்' என்று பெயரிட்டனர் ஆட்டக்காரர்கள். எதிராளியை நோக்கியபடியே பின்வாங்கலாம். ஓடுகையில் இயலாத தாக்குதல்களையும் தொடுக்கலாம். தரைப்பிடிப்புக் குறைந்த லூயிஜி என்னும் பாத்திரம் நெடுந்தூரம் வழுக்கும். மற்றொரு நுட்பம் 'எல்-கேன்சல்'. நொடிக்கு 60 சட்டகங்கள் ஓடும் இவ்வாட்டத்தில், தாக்கியவாறு தரையிறங்குமுன் 7 சட்டகங்களுக்குள் பொத்தானை அழுத்தினால், இறங்கியபின் செயலற்று நிற்கும் நேரம் பாதியாகும்.

வேவ்டேஷை நிரற்பிழை என்றனர் சிலர். உண்மையில் அது ஆட்டத்தின் இயக்க விதிகளிலிருந்தே பிறந்த விளைவு. நம் இலக்கணிகள் வழு என ஒதுக்காது, வழக்கு நோக்கி வழுவமைதி என ஏற்றவற்றை இங்கு நினைவுகூரலாம்.

ஆயின் இயக்குநர் மசாஹிரோ சகுராய் வேறுவிதமாக எண்ணினார். 2008-இல் வந்த 'பிரால்' என்னும் அடுத்த ஆட்டத்தில் இவ்விரு நுட்பங்களும் இல்லை. ஓடத் தொடங்குகையில் தற்செயலாக இடறி விழுவதும் சேர்க்கப்பட்டது. புதியவர்களும் அச்சமின்றி ஆடவேண்டும் என்னும் அவர் நோக்கத்தில் நியாயம் உண்டு. எனினும் போட்டியாளர் பலர் பழைய ஆட்டத்தை விடவில்லை. 2013-இல் 'ஈவோ' போட்டியில் இடம்பெறுவதற்காக, மார்பகப் புற்றுநோய் ஆய்வு நிதிக்கு 94,000 டாலருக்கு மேல் திரட்டி மெலீயை முதலிடத்திற்குக் கொணர்ந்தனர். அதன் நேரலையை நின்டென்டோ முதலில் தடுத்து, எதிர்ப்பெழவே இசைந்தது. 2020-இல், இணையவழி ஆடுவதற்கு ஆர்வலர்கள் அமைத்த 'ஸ்லிப்பி' மென்பொருளைக் கொண்டு நடக்கவிருந்த 'பிக் ஹவுஸ்' போட்டியோ நிறுத்தப்பட்டது.

சிலம்பம் பயில்வோரும் காலடி வரிசைகளைப் பயின்றே கம்பில் தேர்ச்சி பெறுகின்றனர். அக்காலடிகளுக்கு உரிமையாளர் எவருமிலர். எந்த நிறுவனமும் அவற்றைத் திரும்பப் பெற இயலாது. மெலீ ஆட்டக்காரர்களின் நிலை அதுவன்று. கலை அவர்கள் விரல்களில் இருந்தது; களம் பிறர் உடைமையாக இருந்தது. புதிய கலைகள் பலவும் இத்தகைய களங்களிலேயே பிறக்கும் இக்காலத்தில், இது விளையாட்டுக்கு மட்டும் உரிய கவலையன்று.

ஆறுதலான செய்தியும் உண்டு. 2017-இல் முழுமையாக வெளிவந்த 'ரைவல்ஸ் ஆஃப் ஈத்தர்' என்னும் ஆட்டத்தில், வேறொரு படைப்பாளர் வேவ்டேஷை அறிந்தே அமைத்தார். வழு எனப்பட்ட நடை அங்கே இலக்கணமாகியது.