அமெரிக்க வரலாற்றுப் பாடத்துக்கான இணைய முதன்மைச் சான்றுகள்

கடிதங்கள், நாட்குறிப்புகள், செய்தித்தாள்கள், அரசு ஆவணங்கள், ஒளிப்படங்கள், குரல்பதிவுகள் என ஒரு காலத்தவர் தாமே விட்டுச்சென்றவை முதன்மைச் சான்றுகள். அமெரிக்க வரலாற்றைப் பொறுத்தவரை இவற்றில் ஏராளமானவை கட்டணமின்றி இணையத்தில் கிடைக்கின்றன. வாஷிங்டனிலுள்ள நாடாளுமன்ற நூலகம் 1990இல் ‘அமெரிக்கன் மெமரி’ திட்டத்தைச் சோதனையாகத் தொடங்கி, முதலில் குறுந்தகடுகளில் 44 பள்ளி, நூலகங்களுக்கு அனுப்பியது. 1994 முதல் இணையத்தில் ஏற்றியது. தேசிய ஆவணக்காப்பகம் ஆசிரியர்களுக்கென்றே ‘டாக்ஸ்டீச்’ தளத்தை நடத்துகிறது. யேல் சட்டக் கல்லூரியின் ‘அவலான்’ தொகுப்பில் ஒப்பந்தங்களும் சட்டங்களும் உள்ளன. ‘ஸ்லேவ் வாயேஜஸ்’ தளம் 36,000க்கும் மேற்பட்ட அடிமைக் கப்பல் பயணங்களின் விவரங்களைத் தருகிறது. ஆயினும் காப்பகங்களின் காகிதங்களில் சிறு பகுதியே இணையத்துக்கு வந்திருக்கிறது.

பழைய செய்தித்தாள்களுக்கு ‘க்ரானிக்ளிங் அமெரிக்கா’ முதன்மையான இடம். இங்கே தேடுவோர் அந்தக் காலத்துச் சொற்களைக் கொண்டு தேட வேண்டும். ‘முதல் உலகப் போர்’ என்று தேடினால் 1915ஆம் ஆண்டுப் பக்கங்கள் சிக்கா. அன்றைய இதழ்கள் அதை ‘ஐரோப்பியப் போர்’, ‘பெரும் போர்’ என்றே எழுதின. மங்கிய அச்சை எழுத்துணரி மென்பொருள் தவறாகப் படித்திருக்கும் என்பதால், தேடலில் வராத செய்தி அச்சாகவே இல்லை என்று முடிவுகட்டக் கூடாது.

கண்டெடுப்பதைவிடக் கடினமானது, சான்று எப்படி உருவானது என்று அறிவது. இதற்கு வகுப்பறையில் மிகவும் பயன்படுவது முன்னாள் அடிமைகளின் வாய்மொழித் தொகுப்பு. பெரும் பொருளாதார மந்தத்தின்போது வேலையில்லா எழுத்தாளர்களுக்காக அமைந்த கூட்டரசு எழுத்தாளர் திட்டத்தின்கீழ் 1936–38இல் 2,300க்கும் மேற்பட்ட வாக்குமூலங்கள் திரட்டப்பட்டன. அவை சுமார் 500 படங்களுடன் நாடாளுமன்ற நூலகத் தளத்தில் உள்ளன. பேட்டி கண்டவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர். சொன்னவர்களோ வறுமையில் வாடிய முதியோர், பலர் அடிமைமுறை ஒழிந்தபோது சிறுவர்களாக இருந்தவர்கள்.

தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில் வாழ்ந்த ஒரு மூதாட்டியை இருவர் தனித்தனியே பேட்டி கண்டனர். வெள்ளைப் பெண்மணியான ஜெசி பட்லரை அவர் அரசு உதவித்தொகை அலுவலகத்திலிருந்து வந்தவராகக் கருதியதாகத் தெரிகிறது. அவரிடம் தம் பழைய எசமானர் நல்லவர் என்றார். கறுப்பினத்தவரான அகஸ்டஸ் லாட்சனிடம் பேசியபோது கசையடியும், தாயும் பிள்ளையும் பிரித்து விற்கப்பட்ட கொடுமையும் வெளிவந்தன. மூதாட்டியின் பெயரே ஒன்றில் சூசன் ஹாம்லின், மற்றொன்றில் சூசன் ஹாமில்டன். இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கும் மாணவருக்கு, கேட்பவர் யார் என்பதைப் பொறுத்துச் சான்றே மாறும் என்பது யாரும் சொல்லாமலே விளங்கிவிடும். முதல் பேட்டியை மட்டும் எடுத்துக் கொடுத்தால் மாணவர் தவறான வரலாற்றையே கற்பார். ஆகவே ஆவணத்தோடு அதன் பட்டியல் குறிப்பையும் (பதிவு செய்தவர், ஆண்டு, நோக்கம்) தருவது இன்றியமையாதது.

இத்தகைய அரசுத் திட்டச் சான்றுகளை வகுப்பறையில் பயன்படுத்துவதில் பதிப்புரிமைச் சிக்கல் குறைவு. கூட்டரசு ஊழியர்கள் பணியின் பகுதியாக உருவாக்கியவற்றுக்கு அமெரிக்காவில் உரிமைக் கட்டுப்பாடு இல்லை.

பூர்வகுடிகளைப் பற்றிய சான்றுகளில் கூடுதல் கவனம் வேண்டும். பென்சில்வேனியாவின் கார்லைல் பூர்வகுடி உறைவிடப் பள்ளி (1879–1918) ஆவணங்களை அவ்வூர் டிக்கின்சன் கல்லூரி இணையத்தில் தொகுத்துள்ளது. பிள்ளைகளைச் சேர்ந்த நாளிலும், முடிவெட்டிச் சீருடை அணிவித்த பின்னும் எடுத்த இரட்டைப் படங்கள் பாடநூல்களில் அடிக்கடி இடம்பெறுகின்றன. அவை பள்ளியின் பணியைப் பெருமையாகப் பரப்புவதற்காக எடுக்கப்பட்டவை. அதே தொகுப்பின் மாணவர் கோப்புகள் சிலவற்றில், அந்தப் பிள்ளைகள் தம் கையால் எழுதிய கடிதங்களும் இருக்கின்றன.