பருந்துக்கும் பூணூலா?

நம் கிணத்துக்கடவுத் தென்னந்தோப்புகளின் மேலே இருவகைப் பருந்துகள் வட்டமிடுகின்றன. ஒன்று, வெண்தலையும் வெண்மார்பும் செம்பழுப்பு இறகும் உடையது. அதனைக் கண்டதும் 'கருடன்' என்று கன்னத்தில் போட்டுக்கொள்கின்றனர் பக்தர்கள். மற்றொன்று கருநிறத்தது, பிளவுபட்ட வாலுடையது. அதனைக் கண்டாலோ, கோழிக்குஞ்சைக் காக்கக் கல்லெடுக்கின்றனர்! தமிழ் முன்னதைச் செம்பருந்து என்றது. பின்னதைக் கரும்பருந்து என்றது. நிறத்தைச் சொன்னதோடு நிறுத்திக்கொண்டது.

வெள்ளையர் ஆட்சியில் எழுந்த பறவை நூல்கள் நிறத்தோடு நிற்கவில்லை. முன்னது 'பிராமினி கைட்'. பின்னது 'பரையா கைட்'. அதாவது பார்ப்பனப் பருந்து, பறையப் பருந்து! நால்வருணத்தை வானத்திலும் கண்டனர் போலும். செத்த மீனையும் நண்டையும் கொத்தித் தின்னும் பறவைக்குப் பூணூல் மாட்டிய விந்தையை என்னென்பது!

விஞ்ஞானம் இக்குற்றத்தைச் செய்யவில்லை. 1783-இல் டச்சு அறிஞர் போடார்ட் இவ்விரு பறவைகளுக்கும் ஒரே ஆண்டில் இலத்தீன் பெயரிட்டார். சாதி அதில் இல்லை. 1832-இல் சைக்ஸ் என்னும் படை அதிகாரி இந்நாட்டுக் கரும்பருந்துக்குக் 'கோவிந்தா' என்று பெயர் சூட்டினார். பறையப் பருந்துக்குப் பரந்தாமன் பெயர்! வைதிகர் இதனை அறிவரோ? சென்னை மாகாண மருத்துவர் ஜெர்டன் 1862 முதல் 1864 வரை வெளியிட்ட நூலில் செம்பருந்தை நிறத்தாலேயே அழைத்தார். மற்றதற்கோ 'பரையா' என்றே எழுதினார். 1895-இல் பிளான்போர்டு 'பிராமினி'யை நூலேற்றினார். 1941-இல் சலீம் அலியின் புகழ்பெற்ற நூலிலும் இரு பெயர்களும் இடம்பெற்றன.

பின்னர் வந்தது பெயர்ப் பூசல். 1996-இல் வெளிநாட்டறிஞர் வகுத்த கீழைநாட்டுப் பறவைப் பட்டியல் பழகிய பெயர்கள் பலவற்றை மாற்றியது. இந்நாட்டுப் பறவை ஆர்வலர் பலர் முணுமுணுத்தனர். 2001-இல் மனக்காடனும் பிட்டியும் இத்துணைக்கண்டத்துக்கென ஒரு பட்டியல் தந்தனர். இரண்டிலும் 'பரையா' இல்லை; 'பிளாக் கைட்' என்றாயிற்று. மகிழலாமா? அப்பெயர் வெட்கத்தால் நீங்கவில்லை, தோழர்களே! ஐரோப்பாவில் பறப்பதும் இங்கே பறப்பதும் ஓரினமே. ஆகவே உலகப் பெயர் வந்து உள்ளூர்ப் பெயரைத் தள்ளிற்று, அவ்வளவே. பிராமினி வாத்தும் அவ்வழியே பெயர் இழந்தது. பிராமினிப் பருந்தும் பிராமினி மைனாவும் மட்டும் இன்றும் பட்டியலில் வீற்றிருக்கின்றன. ஆஸ்திரேலியக் கடற்கரைச் சிறுவனும் அப்பருந்தை அப்பெயராலேயே அறிகிறான்.

பெயரை மாற்றினால் குழப்பம் வரும் என்பர் சிலர். குழப்பம் நீக்கத்தானே இலத்தீன் பெயர் இருக்கிறது? அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலப் படையின் தளபதி மெக்கௌன் பெயரை, அமெரிக்கப் பறவையியல் கழகம் 2020-இல் ஒரு சிறு பறவையிடமிருந்து நீக்கிற்று. தடித்த அலகைக் குறிக்கும் பெயரைச் சூட்டிற்று. அப்பறவை பறப்பதை நிறுத்திவிடவில்லை. 2023 நவம்பரில் மனிதர் பெயர் தாங்கிய பறவைகள் அனைத்துக்கும் புதுப்பெயர் காண்போம் என்று அக்கழகம் அறிவித்தது. எதிர்ப்பும் கடுமையாகவே எழுந்தது.

பிறர் முதுகைப் பார்க்கும் நாம் நம் முதுகையும் பார்க்கவேண்டும். கருமையும் வெண்மையும் கலந்த இன்குரல் பறவையொன்றை வண்ணாத்திக்குருவி என்று தமிழரும் அழைக்கின்றனர். அதற்குக் குண்டுக்கரிச்சான் என்ற பெயரும் உண்டு. வகுப்பறைக் கரும்பலகையில் நாம் எழுதுவது அதைத்தான்.