லூயி லூயி: எப்.பி.ஐ. கேட்டும் விளங்காத பாட்டு

1964இல் அமெரிக்காவின் எப்.பி.ஐ. ஆய்வுகூடத்தில ஒரு இசைத்தட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார்கள். கொலை வழக்கு இல்லை, உளவு வழக்கும் இல்லை. பெடியள் நடனத்துக்குப் போடுற, மூண்டு நிமிசம்கூட ஓடாத ஒரு றொக் பாட்டு. வழமையான வேகத்தில கேட்டார்கள், வேகத்தை மாத்தி மாத்தியும் கேட்டார்கள். அவர்களுக்குத் தெரிய வேண்டியிருந்தது ஒண்டே ஒண்டுதான்: பாடுறவர் என்ன சொல்லுறார்?

பாட்டின் பெயர் 'லூயி லூயி'. பாடினது ஒரேகன் மாநிலத்துப் போர்ட்லண்ட் நகரத்தின் 'த கிங்ஸ்மென்' குழு. றொக் இசையில விளங்காத வரிகளுக்குப் பஞ்சமே இல்லை. தங்கட பாட்டுகளைப் பள்ளிக்கூடத்தில வைச்சு ஆராயினமாம் எண்டு கேள்விப்பட்ட ஜோன் லெனன், வேணுமெண்டே தலைகால் தெரியாத வரிகளை அடுக்கி 'ஐ ஆம் த வோல்ரஸ்' பாட்டை எழுதினவர். ஆனால் அங்க சொல் காதில விழும், பொருள்தான் பிடிபடாது. 'லூயி லூயி'யில சொல்லே விழாது. சொல் இல்லாமல் கிடந்த அந்த இடத்தில கேட்டவர்கள் எதைக் கொண்டுவந்து வைச்சார்கள் எண்டதுதான் எங்களை இந்தக் கதைக்குள்ள இழுத்தது.

முதல்ல, பாட்டில உண்மையா என்ன இருந்தது?

அதை எழுதினவர் ரிச்சர்ட் பெரி. லூசியானாவில பிறந்து லொஸ் ஏஞ்சல்ஸில வளர்ந்த கறுப்பினப் பாடகர். 1955இல், இருபது வயதளவில, ஒரு லத்தீன் இசைக்குழுவோட சேர்ந்து பாடிக்கொண்டிருந்தார். அந்தக் குழு கியூபாவைச் சேர்ந்த ரெனே டூசேயின் 'எல் லோகோ சா சா' எண்ட மெட்டை வாசிக்கும். அதின் தொடக்கத்தில வாற தாளக்கட்டு பெரியின் மண்டைக்குள்ள ஒட்டிக்கொண்டது. அதுக்கு மேல அவர் ஒரு சின்னக் கதையை வைச்சார். யமேக்கா நாட்டுக் கப்பல்காரன் ஒருத்தன் மதுச்சாலையில இருக்கிறான். அங்க ஊத்திக் குடுக்கிறவன்தான் லூயி. கடலுக்கு அங்கால தனக்காகக் காத்துக்கொண்டிருக்கிற பெண்ணைப் பற்றியும், பகலும் இரவுமாகத் தான் செய்யிற கடல் பயணத்தைப் பற்றியும் அவன் லூயிக்குச் சொல்லுறான். கரீபியன் ஆட்கள் கதைக்கிற மாதிரி உடைஞ்ச ஆங்கிலம். அவ்வளவுதான் பாட்டு. வீட்டை விட்டுத் தூர இருக்கிற ஒருத்தனின் ஏக்கம். அதில கெட்ட வார்த்தை ஒண்டுகூட இல்லை.

1957இல் அது பெரியின் குரலில இசைத்தட்டாக வந்தது, அதுவும் இரண்டாம் பக்கத்துப் பாட்டாக. கலியாணச் செலவுக்குக் காசு தேவைப்பட்டபோது, வேறு சில பாட்டுகளோட சேர்த்து இதின் உரிமையையும் 750 டொலருக்கு வித்துப்போட்டார். இதை மனசில வைச்சிருங்கோ, பிறகு வரும்.

பாட்டு மெதுவாக வடக்குப் பக்கம் போனது. வொஷிங்ரன் மாநிலத்து ரொக்கின் ரொபின் ரொபேட்ஸ் எண்ட பாடகர், 'த வெய்லர்ஸ்' குழுவோட சேர்ந்து அதை முரட்டுத்தனமாகப் பாடி 1961இல் வெளியிட்டார். அதை ஒரு ஜூக்பொக்ஸில, அதாவது காசு போட்டால் பாட்டுப் போடுற பெட்டியில, கேட்டுத்தான் கிங்ஸ்மென் பாடகர் ஜக் ஈலி பாடம் பண்ணினார். பாடம் பண்ணினபோது தாளத்தையும் கொஞ்சம் மாத்திப் பிடிச்சார். இப்ப உலகமே தட்டுற அந்தத் தாளம் அப்படி வந்ததுதான்.

1963 ஏப்ரல் 6. போர்ட்லண்டில ஒரு சின்ன ஒலிப்பதிவுக்கூடம், ஐம்பது டொலர் அளவு செலவு. மைக் தலைக்கு மேல உயரத்தில தொங்குது. ஈலி பல்லுக்குக் கம்பி போட்டிருக்கிறார். முதல் நாள் இரவு இதே பாட்டைக் கணக்கில்லாமல் பாடித் தொண்டையும் களைச்சுப்போச்சு. கிற்றாரும் ட்ரம்ஸும் சுத்திவர முழங்க, அண்ணாந்து பாத்துக் கத்துறார். ஒரே ஒரு தடவைதான் பதிவு. கிற்றார் தனி வாசிப்பு முடிஞ்சதும் அவசரப்பட்டு முன்னமே பாடத் தொடங்கி, பிறகு நிப்பாட்டித் திரும்பத் தொடங்குற பிழையும் அப்படியே இசைத்தட்டில இருக்கு. இப்ப இந்தப் பாட்டைப் பாடுற குழுக்கள் அந்தப் பிழையையும் சேர்த்துத்தான் பாடுகினம்!

ஆக, ஒரு யமேக்கா மாலுமி பேசுற மாதிரி கலிபோர்னியாக் கறுப்பினப் பாடகர் ஒருத்தர் கற்பனை பண்ணின ஆங்கிலத்தை, ஜூக்பொக்ஸில கேட்ட ஒரு வெள்ளைக்காரப் பெடியன் பல்லுக் கம்பியோட கூரையைப் பாத்துக் கத்தினால் என்ன மிஞ்சும்? எங்களுக்கு ஆங்கிலம் காணாது எண்டதால விளங்கேல்லை எண்டு ஒருத்தரும் கவலைப்பட வேண்டாம். ஆங்கிலமே தாய்மொழியாக உள்ளவர்களுக்கும் விளங்கேல்லை.

பொஸ்டனில ஒரு வானொலி அறிவிப்பாளர் 'இந்தக் கிழமையின் மிக மோசமான பாட்டு' எண்டு சொல்லி அதைப் போட்டார். சனம் உடன கடைக்கு ஓடினது. டிசம்பரில பில்போர்ட் பட்டியலில இரண்டாம் இடம். அப்ப முதலாம் இடத்தில இருந்தது பெல்ஜியத்துக் கன்னியாஸ்திரி ஒருவர் பாடின 'டொமினிக்'. இதைவிடப் பொருத்தமான எதிர்ப்பாட்டு கிடைச்சிருக்காது.

பிறகு வதந்தி தொடங்கினது. '45 வேகத் தட்டை 33 வேகத்தில போட்டுப் பார், கெட்ட கெட்டதெல்லாம் கேக்கும்.' பள்ளிக்கூடங்களில 'உண்மையான வரிகள்' எண்டு எழுதின துண்டுகள் கைமாறின. கையால எழுதினது, தட்டச்சில அடிச்சது எண்டு எல்லா வகையும். அந்தத் துண்டுகளில சில பெற்றோரின் கையில அகப்பட்டன. 1964 தொடக்கத்தில இந்தியானா மாநில ஆளுநர் மத்தியூ வெல்ஷ் பாட்டு ஆபாசம் எண்டு முடிவுகட்டி, வானொலி நிலையங்கள் போடாமல் விடவேணும் எண்டு ஒலிபரப்பாளர் சங்கத்திட்டக் கேட்டார். உரிமையை வாங்கி வைச்சிருந்த வெளியீட்டாளர், ஆபாசமான ஒரு சொல்லைக் கண்டுபிடிச்சுக் காட்டுறவருக்கு 1,000 டொலர் எண்டு அறிவிச்சார். அதே காலத்தில பிள்ளை வீட்டுக்குக் கொண்டுவந்த தட்டைப் பாத்துக் கொதிச்ச ஒரு பெற்றோர் சட்டமா அதிபர் ரொபேட் கென்னடிக்கே கடிதம் போட்டார். அலுவல் எப்.பி.ஐ.யிடம் போனது. ஆபாசப் பொருளை மாநிலம் விட்டு மாநிலம் கடத்தினால் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம், அதுதான் காரணம்.

இரண்டு வருடத்துக்கு மேல விசாரணை இழுபட்டது. நூறு பக்கத்தைத் தாண்டின கோவை. ஆய்வுகூடத்தின் முடிவு என்ன தெரியுமோ? வரிகளைத் திட்டமாகக் கண்டறிய முடியேல்லை, ஆகவே ஆபாசமோ இல்லையோ எண்டும் சொல்ல முடியாது.

தகவல் அறியும் சட்டத்தின் கீழ பின்னாளில அந்தக் கோவை வெளியில வந்தது. அதில எங்களுக்குப் பெரிசாகப் பட்டது ஒரு விசயம். பெற்றோரும் மற்றவர்களும் அனுப்பின 'ஆபாச வரிகள்' அதில பல வடிவங்களில இருக்கு, ஒண்டு மாதிரி மற்றது இல்லை. பாட்டில உண்மையாகவே அந்தச் சொல்லுகள் இருந்திருந்தால் எல்லாரும் எழுதினது ஓரளவுக்காவது ஒத்துப்போயிருக்க வேணும். ஒவ்வொரு பள்ளிக்கூடமும் தன்ர பாட்டைத் தானே எழுதியிருக்கு. பெடியளுக்கு அது பகிடி, பெரியாக்களுக்குத் தெரியாத ரகசியம் ஒண்டு தங்கட கையில இருக்கு எண்ட புழுகம். பெற்றோருக்கு அது பயம். கென்னடி சுடப்பட்டு சில மாதம்தான் ஆகியிருந்தது. கறுப்பினத்தவர்களின் தாளம் வெள்ளைப் பிள்ளைகளின் அறைக்குள்ள வந்து நிண்டது. எங்கட பார்வையில, அந்த முணுமுணுப்புக்குள்ள அவர்கள் கேட்டது தங்கட பிள்ளைகளைப் பற்றின தங்கட பயத்தைத்தான்.

இதில இரண்டு வேடிக்கை இருக்கு. ஒண்டு, அந்த இசைத்தட்டில உண்மையாகவே ஒரு கெட்ட வார்த்தை இருக்கு. 54ஆவது வினாடி அளவில, ட்ரம்ஸ் வாசிச்ச லின் ஈஸ்ரன் தடியால ஏதோ பிழை விட்டுப்போட்டுப் பின்னால இருந்து கத்துறார். நல்ல ஹெட்போன் போட்டால் இப்பவும் கேக்கும். வரிகளைத் துருவிக்கொண்டிருந்த விசாரணையாளர்களின் காதில அது விழவேயில்லை. மற்றது, அவர்கள் கிங்ஸ்மென் குழுவில ஆளைப் பிடிச்சு விசாரிச்சார்கள், எழுதின பெரியையும் விசாரிச்சார்கள், கொம்பனிக்காரரையும் விசாரிச்சார்கள். பாடின ஜக் ஈலியை மட்டும் ஒருத்தரும் போய்க் கேக்கேல்லை.

ஈலி அப்ப குழுவிலயே இல்லை. பாட்டு பிரபலமாக முன்னமே, 1963 ஓகஸ்ரில, குழுவின் பெயரைத் தன்ர பக்கம் பதிஞ்சு வைச்சிருந்த ஈஸ்ரன், இனித் தானே பாடப்போறன் எண்டு சொல்ல, ஈலி விலகிப் போனார். பிறகு தொலைக்காட்சியில ஈஸ்ரன் நிண்டு ஈலியின் குரலுக்கு வாயசைச்சார். விளங்காத வரி, அதுக்கு வேற ஆளின் வாய்! வழக்குப் போட்ட பிறகுதான் இசைத்தட்டில ஈலியின் பெயர் அச்சானது, ஒரு 6,000 டொலரும் கிடைச்சது.

இந்தப் பயம் லேசில போகவும் இல்லை. 2005இல் மிச்சிகன் மாநிலத்து பென்ரன் ஹாபர் நகரில, ஊர்வலத்தில பள்ளி வாத்தியக்குழு 'லூயி லூயி' வாசிக்கக் கூடாது எண்டு கல்வி அதிகாரி தடுத்தார். வாத்தியக்குழு. பாடவே போறதில்லை, வெறும் ஊதலும் தட்டலும். செய்தி பரவின பிறகுதான் தடையை எடுத்தார்கள்.

ரிச்சர்ட் பெரிக்கு வருவம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழுக்கள் பாடின பாட்டு அது. 1983இல் கலிபோர்னியாவின் ஒரு கல்லூரி வானொலி 800க்கும் மேற்பட்ட வடிவங்களை 63 மணித்தியாலம் தொடர்ந்து ஒலிபரப்பினது. பெரியும் ஈலியும் அங்க வந்தார்கள். அந்தக் காலத்தில பெரி லொஸ் ஏஞ்சல்ஸில தாயின் வீட்டில, அரச உதவிப் பணத்தில சீவிச்சுக்கொண்டிருந்தார். பிறகு ஒரு குடிபானக் கொம்பனி தன்ர விளம்பரத்துக்கு இந்தப் பாட்டைக் கேட்டது. அதுக்கு அவரின்ர கையெழுத்துத் தேவைப்பட்டது. அதைப் பிடிச்சுக்கொண்டுதான் அவருக்கு ஒரு வழி பிறந்தது. கலைஞர்களின் உரிமைக்காக வாதாடுறவர்களின் உதவியோட உரிமையில ஒரு பங்கு திரும்பி வந்தது, பெரிய தொகைப் பணமும் வந்தது. பாட்டு எழுதி அப்ப முப்பது வருடம். 1997 சனவரியில அவர் காலமானார்.

கிங்ஸ்மென் பதிவைக் கேட்டிருப்பீங்கள், கேக்காட்டிலும் எங்கயாவது ஒரு படத்தில காதில விழுந்திருக்கும். அதை விட்டுப்போட்டு ஒருக்கா பெரியின் 1957 பதிவைத் தேடிக் கேட்டுப் பாருங்கோ. அவசரமில்லாத குரல், பின்னால இரண்டு மூண்டு பேர் தாளத்தை வாயால பிடிக்கினம், நடுவில அந்த மாலுமி லூயியோட கதைக்கிறான். எப்.பி.ஐ.க்கு ஆய்வுகூடமே தேவைப்பட்டிருக்காது. சொல் ஒவ்வொண்டும் தெளிவாக் கேக்கும்.