ஊராட்சித் தலைவரும் கிராம சபையும்

கிராம ஊராட்சியின் செயல்பாடு தலைவரின் போக்கைப் பெரிதும் சார்ந்திருப்பதற்கு அதன் அமைப்பே காரணம். 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி தலைவரை வாக்காளர்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். நிர்வாக அதிகாரமும் அவரிடமே இருக்கிறது. ஊராட்சி ஒன்றியத்தில் அப்படியில்லை. அங்கே உறுப்பினர்கள் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அன்றாட நிர்வாகத்தை வட்டார வளர்ச்சி அலுவலர் நடத்துகிறார். கிராமத் தலைவரின் கையில் குவிந்த அதிகாரத்துக்குச் சட்டம் வைத்த எதிர்ப்பலம் கிராம சபை. வாக்காளர் அனைவரும் அதன் உறுப்பினர்கள்.

இச்சட்டத்தின்படி முதல் தேர்தல் 1996 அக்டோபரில் நடந்தது. அதற்கு முந்தைய சில ஆண்டுகள் ஊராட்சிகள் தனி அலுவலர்களின் பொறுப்பில் இருந்தன. புதிதாக வந்த தலைவர்களில் இருவரின் பணி பின்னாளில் நாடெங்கும் பேசப்பட்டது.

திருவள்ளூர் மாவட்டம் குத்தம்பாக்கத்தில் இரசாயனப் பொறியாளரான இளங்கோ ரங்கசாமி தலைவரானார். அவர் ஊரின் தேவைகளைக் கிராம சபையில் விவாதித்து ஐந்தாண்டுத் திட்டம் வகுத்தார். கழிவுநீர்க் கால்வாய்க்கு அரசு மதிப்பீட்டில் சொன்ன பொருளை விட்டுவிட்டு, அருகிலுள்ள கல் பட்டறைகளில் கழித்துப் போட்ட கற்களைப் பயன்படுத்தினார். செலவு குறைந்தது, ஆனால் விதிமீறல் என்று அவர்மேல் நடவடிக்கை வந்து, பதவியிலிருந்து நிறுத்திவைக்கப்பட்டார். கிராம சபை கூடி அவருக்குத் துணைநின்றது. பொறுப்பு மீண்டும் அவரிடம் வந்தது. முடிவுகளை ஊரே சேர்ந்து எடுத்திருந்ததால், நெருக்கடியிலும் ஊர் அவற்றைத் தன்னுடையதாகக் கருதியது. தலித் குடும்பமும் பிற சாதிக் குடும்பமும் ஒரே சுவரைப் பகிர்ந்து வாழும் இரட்டை வீடுகள் அங்கே எழுந்ததும் இந்த ஒப்புதலின் பலத்தில்தான்.

கோவை மாவட்டம் மேட்டுப்பாளையத்துக்கு அருகே ஓடந்துறையில் 1996 முதல் 2006 வரை ஆர். சண்முகம் தலைவராக இருந்தார். அவருடைய பாணி வரவுசெலவைக் கவனிப்பது. குடிநீர் விநியோகம் விரிந்தபோது மின் கட்டணம் ஏறியது. அவர் சேமிப்புக்கான வழிகளைத் தேடினார். குடிநீர் இறைக்க உயிரிப்பொருள் எரிவாயு மின்னாக்கியை நிறுவினார். 2006இல் உடுமலை அருகே மைவாடியில் சுமார் 1.55 கோடி ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை ஊராட்சிக்கே சொந்தமாக அமைந்தது. ஊராட்சியின் சேமிப்புடன் வங்கிக் கடனும் சேர்ந்தது. உபரி மின்சாரம் மின் வாரியத்துக்குப் போய், ஊராட்சிக்கு வருமானமானது.

ஒரே சட்டம், ஒரே பதவிக்காலம். வழிகள் மட்டும் வேறு. முதலாமவர் மக்களின் ஒப்புதலைத் திரட்டினார். இரண்டாமவர் ஊராட்சியின் வருவாயைத் திரட்டினார். இருவருமே மேலிடத்து உத்தரவுக்குக் காத்திராமல் சட்டம் தந்த அதிகாரத்தை முழுமையாகப் பயன்படுத்தினார்கள். 2001இல் மறுபடியும் வென்றதால் தொடங்கியதைத் தொடரப் பத்தாண்டுகள் கிடைத்தன.

தலைமையே இல்லாத நிலையைத் தமிழகம் பின்னாளிலும் கண்டது. 2016இல் தேர்தல் நின்றுபோய், பெரும்பாலான மாவட்டங்களில் 2019 டிசம்பர் தேர்தல் வரை ஊராட்சிகள் மீண்டும் தனி அலுவலர்களிடம் இருந்தன. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்கள் இல்லாததால் மத்திய நிதிக்குழு மானியங்களும் தடைபட்டன. நல்ல தலைமை என்னும் கேள்வி எழுவதற்கே, மக்கள் தேர்ந்தெடுத்த தலைவர் ஒருவர் இருந்தாக வேண்டும்.