‘தமிழ்’ என்பதில் எழுத்து எத்தனை? – ஒரு மென்பொருட் புதுப்பதிப்பின் வரலாறு

பத்து காஜாவிலிருந்து கோப்பெங் செல்லும் சாலையில், ராயா ஆற்றங்கரையில், பூச்சு முற்றுப்பெறாத சுவர்களோடு நிற்கும் கெல்லி மாளிகையைப் பேராக் வாசகர்கள் அறிவார்கள். இரப்பர்த் தோட்ட முதலாளியான வில்லியம் கெல்லி ஸ்மித், தாம் குடியிருந்த வீட்டை ஒட்டியே அதனினும் பெரிய வீடொன்றை 1915ஆம் ஆண்டில் கட்டத் தொடங்கினார். அதைக் கட்டிய தொழிலாளருள் தமிழர் பலர். கொள்ளைநோய் பரவி அவர்களில் பலர் மாண்டபோது, அவர்கள் வேண்டிக்கொண்டபடி அருகில் மாரியம்மன் கோயில் ஒன்றும் எழுந்தது என்பர். 1926ஆம் ஆண்டில் கெல்லி லிஸ்பன் நகரில் காலமானார். அத்துடன் மாளிகை வேலையும் நின்றது. கோயிலில் இன்றும் விளக்கெரிகிறது. மாளிகையோ பார்வையாளர் வந்து போகும் இடமாக நிற்கிறது.

பழைய வீட்டில் குடியிருந்துகொண்டே புதிய வீடு கட்டுவது எளிய செயலன்று. கட்டுகிறவர் கருத்தில் மட்டுமே திட்டம் இருந்தால் அவரோடு அது முடிந்துபோகும். கணினி உலகிலும் இத்தகைய வேலை அடிக்கடி நிகழ்கிறது. அவ்வாறு நிகழ்ந்த ஒன்றில் தமிழெழுத்தின் நிலையும் அடங்கியிருந்தது. அவ்வரலாற்றைத் தமிழாசிரியர்கள் அறிந்துகொள்வது நன்று.

திறந்த மூல மென்பொருள் என்பது, எழுதப்பட்ட நிரலை யாரும் படிக்கவும், திருத்தவும், பிறருக்கு வழங்கவும் உரிமை அளிப்பது. அதற்குத் தனியொரு முதலாளி இல்லை. பல நாட்டவர் தம் ஓய்வு நேரத்திலும் அலுவல் நேரத்திலும் செய்யும் வேலை அது. ஆகையால், பெரிய மாற்றம் ஒன்றைச் செய்ய வேண்டுமாயின் அதனை எழுதி வைத்து, எல்லார் பார்வைக்கும் விட்டு, வாதாடி முடிவு செய்தல் வழக்கம். பைத்தான் என்னும் நிரல் மொழியின் மூன்றாம் பதிப்பு அவ்வாறு உருவானதே.

பைத்தானை ஆக்கியவர் குவிடோ வான் ரோசம் என்னும் டச்சு நாட்டவர். ஆம்ஸ்டர்டாமில் பணியாற்றியபோது 1991ஆம் ஆண்டில் அதனை வெளியிட்டார். இரண்டாம் பதிப்பு 2000ஆம் ஆண்டில் வந்தது. கற்க எளிது என்பதனால் உலகெங்கும் பரவியது. ஆயினும் அதன் அடித்தளத்தில் ஒரு கோணல் இருந்தது. அக்கோணல் ஆங்கிலத்தில் எழுதுவோர் கண்ணுக்கு எளிதிற் புலப்படாதது. தமிழில் எழுதுவோர் காலை இடறுவது.

அஃது என்னவென்று காண்போம். கணினி எதனையும் எண்ணாகவே வைத்துக்கொள்ளும். அவ்வெண்களை இடும் சிறு பெட்டிக்குப் பைட்டு என்று பெயர். ஆங்கில எழுத்து ஒவ்வொன்றும் ஒரு பெட்டியில் அடங்கிவிடும். ஒருங்குறியில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும், இன்று பெருவழக்கான யூடிஎஃப்-8 வடிவில், மூன்று பெட்டிகளைக் கொள்ளும். பழைய பைத்தானில் சாதாரணமாக எழுதும் சரம் பெட்டிகளின் வரிசையே. ‘தமிழ்’ என்று எழுதி அதன் நீளத்தைக் கேட்டால் பதினைந்து என்று விடை வரும்! ஒருங்குறிக்கென்று வேறொரு வகைச் சரமும் அதில் இருந்தது. இரு வகையும் கலந்தால், ஆங்கிலம் மட்டும் உள்ளவரையில் நிரல் ஓடும். தமிழ்ப் பெயரொன்று இடையில் வந்ததும் பிழை காட்டி நின்றுவிடும். எழுதியவர் ஊரில் சரியாக ஓடிய நிரல், ஈப்போவிலோ மதுரையிலோ ஒருவர் தம் பெயரைத் தமிழில் தட்டியவுடன் முடங்குவதற்கு இதுவே காரணம்.

இக்குறையை மேற்பூச்சால் மறைக்க முடியாது. அடித்தளத்தையே மாற்ற வேண்டும். ஆனால் அடித்தளத்தை மாற்றினால் பழைய நிரல்கள் இயங்கா. புத்தகத்துக்கும் மென்பொருளுக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான். ஒரு நூலின் இரண்டாம் பதிப்பு வந்தபின்னும் முதற்பதிப்பைப் படிக்கலாம். மென்பொருளிலோ, ஒருவர் எழுதியது மற்றொருவர் எழுதியதன் மேல் நிற்கிறது. அடிக்கல் பெயர்ந்தால் மேற்சுவர்கள் அனைத்தும் ஆடும்.

2006ஆம் ஆண்டு ஏப்ரலில் இதற்கான திட்ட ஏடு எழுதப்பட்டது. பழைய நிரல் அப்படியே புதிய பதிப்பில் ஓட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்று அதில் வெளிப்படையாகவே கூறினர். புதிய கருத்துகளை முன்மொழிய 2007 ஏப்ரல் வரை காலக்கெடு வைத்தனர். இவற்றினும் பாராட்டத்தக்கது மற்றோர் ஏடு. புதிய பதிப்பில் எவை எவை மாறமாட்டா என்பதனை அது பட்டியலிட்டது. வீட்டை இடித்துக் கட்டப்போகிறவர், ‘கிணறு இருந்த இடத்திலேயே இருக்கும், முற்றத்து மரத்தை வெட்டமாட்டோம்’ என்று குடும்பத்தாருக்கு முன்கூட்டியே சொல்வது போன்றது அது. ஆசைகள் எல்லை கடவாமல் காத்ததில் அதற்குப் பங்குண்டு.

மூன்றாம் பதிப்பு 2008 டிசம்பர் 3ஆம் நாள் வெளிவந்தது. அதில் சரம் என்றாலே ஒருங்குறி. பெட்டிகளின் வரிசை வேறு பொருள். இரண்டும் தாமே கலவா. மூன்றை இரண்டால் வகுத்தால் முன்பு ஒன்று என்று வந்த விடை, ஒன்றரை என்று திருந்தியது. நிரலில் வரும் பெயர்களைத் தமிழிலேயே இடவும் வழி பிறந்தது. ‘தமிழ்’ என்பதன் நீளம் பதினைந்திலிருந்து ஐந்தாகக் குறைந்தது.

திட்டம் நன்றாயினும் நடைமுறை கரடுமுரடாகவே இருந்தது. பழைய நிரலைப் புதியதாக மாற்றித் தரும் கருவியொன்றைக் கொடுத்தால் மக்கள் ஒரே தாவலில் வந்துவிடுவர் என்று எதிர்பார்த்தனர். வரவில்லை. நூலகங்களை எழுதியோர், பழைய பதிப்பில் இருக்கும் தம் வாசகரைக் கைவிட இயலாமல், இரண்டிலும் ஓடும் நிரலையே நாடினர். அவர்களுக்கு உதவ, நீக்கிய பழைய எழுத்துமுறை ஒன்றை 2012ஆம் ஆண்டில் வெளியான 3.3ஆம் பதிப்பில் மீண்டும் சேர்த்தனர். இரண்டாம் பதிப்புக்கான ஆதரவை 2015ஆம் ஆண்டில் நிறுத்த எண்ணியிருந்தவர்கள், 2014ஆம் ஆண்டில் அக்கெடுவை 2020 வரை நீட்டினர். பழைய வரிசையின் இறுதி வெளியீடு 2020 ஏப்ரலில் வந்தது. திட்ட ஏடு எழுதிய நாள்முதல் எண்ணினால் பதினான்கு ஆண்டுகள்!

எழுத்துச் சீர்திருத்தத்தை அறிந்த தமிழாசிரியர்களுக்கு இத்தாமதம் வியப்பளிக்காது. பெரியார் 1935ஆம் ஆண்டிலேயே ‘குடி அரசு’ ஏட்டில் சீர்திருத்த எழுத்துகளைப் புழங்கினார். தமிழ்நாட்டரசு அவற்றுட் சிலவற்றை ஏற்று ஆணையிட்டது 1978ஆம் ஆண்டில். துதிக்கை போல் வளைந்த பழைய ‘லை’யை எழுதிப் பழகிய கை, ஆணை வந்த மறுநாளே மாறிவிடவில்லை. அப்பாவின் கடிதத்தில் பழைய எழுத்தும் மகனின் பாடப்புத்தகத்தில் புதிய எழுத்தும் ஒரே வீட்டில் வாழ்ந்தன. எனினும் குழப்பம் மிகவில்லை. மாறியவை சில எழுத்துகளே. பழையது படித்தவர் புதியதையும் படிக்க முடிந்தது. பயன்படுத்துவோர் இரண்டுக்கும் இடையே சில காலம் வாழ்ந்தே தீருவர் என்பதனைத் திட்டமிடுவோர் மறத்தலாகாது. பைத்தான் குழுவினர் பிந்திக் கற்ற பாடம் இதுவே.

இதனோடு பேர்ல் என்னும் நிரல் மொழியை ஒப்பிடலாம். அதன் ஆறாம் பதிப்பை லாரி வால் 2000ஆம் ஆண்டில் அறிவித்தார். எல்லாவற்றையும் புதிதாகவே ஆக்கலாம் என்ற துணிவோடு பொதுமக்களிடம் கருத்துக் கேட்டனர். முன்னூற்றுக்கு மேற்பட்ட முன்மொழிவுகள் குவிந்தன. நிலையான பதிப்பு வந்ததோ 2015 டிசம்பரில். 2019ஆம் ஆண்டில் அதற்கு ‘ராகு’ என்று வேறு பெயரே சூட்டிவிட்டனர். புதிய வீடு எழுந்தது. ஆனால் பழைய குடும்பம் பழைய வீட்டிலேயே தங்கிவிட்டது.

பைத்தான் பிழைத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2018 ஜூலையில் வான் ரோசம் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகிக்கொண்டார். வேலை நிற்கவில்லை. 2019ஆம் ஆண்டின் தொடக்கத்தில், நிரலாக்குவோர் தேர்ந்தெடுத்த ஐவர் குழு அப்பொறுப்பை ஏற்றது. திட்டங்களும், அவற்றுக்குரிய காரணங்களும், மறுக்கப்பட்ட கருத்துகளுங்கூட ஏட்டில் இருந்தன. கெல்லியின் மாளிகைக்குக் கிடைக்காத வாய்ப்பு இதுவன்றோ?

இனி நம் பக்கம் திரும்புவோம். மலேசியத் தமிழர் கணினித் தமிழுக்குப் புதியவர் அல்லர். முத்து நெடுமாறன் முரசு அஞ்சலை உருவாக்கத் தொடங்கியது 1985ஆம் ஆண்டில். அது திறந்த மூலமன்று எனினும் நம் நாட்டின் முன்னோடிப் பணி. தமிழ் இணைய மாநாடு 2001ஆம் ஆண்டில் கோலாலம்பூரிலேயே கூடியது. எழுத்துருவுக்கு ஒரு குறியீடாகப் பலரும் பலவாறு தட்டச்சிட்டு வந்த காலத்தையும் நாம் கண்டோம். ஒருவர் அனுப்பியது மற்றவர் கணினியில் புரியாத கிறுக்கலாக வந்ததை மறந்தவர் யார்?

அக்குழப்பத்தை ஒருங்குறி பெரிதும் தீர்த்தது. பைத்தானின் புதுப்பதிப்பு அதனை அடித்தளமாக்கியது. ஆயினும் ஒன்று எஞ்சியுள்ளது. ‘தமிழ்’ என்பதில் எழுத்து எத்தனை என்று தோட்டப் பள்ளியின் முதலாம் ஆண்டு மாணவனைக் கேளுங்கள். ‘த, மி, ழ்’ என்று விரல்விட்டு மூன்று என்பான். புதிய பைத்தானோ ஐந்து என்கிறது. மகரத்தையும் இகரக் குறியையும் தனித்தனியே எண்ணுகிறது. ழகரத்தையும் புள்ளியையும் அவ்வாறே எண்ணுகிறது. உயிர்மெய் ஓரெழுத்து என்னும் நம் இலக்கணம் அதற்குத் தெரியாது.

அதனைச் சொல்லித்தரத் தமிழரே முன்வந்தனர். தமிழில் கட்டளையிடும் ‘எழில்’ மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலையும் தோழர்களும், ‘ஓப்பன் தமிழ்’ என்னும் திறந்த மூல நூலகத்தை அளித்துள்ளனர். அது சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரித்து, மூன்று என்று விடை தருகிறது. பைத்தானின் இரு பதிப்புகளும் வழங்கிய காலத்தில், இரண்டிலும் இயங்குமாறு அதனை எழுதியிருந்தனர். இடைக்காலத்துச் சுமையைத் தாங்கியவர்களுள் தமிழரும் உண்டு என்பதற்கு அது சான்று.

திறந்த மூலத்தின் திட்ட ஏடுகள் எல்லார்க்கும் திறந்தே கிடக்கின்றன. எழுத்தின் இயல்பு, புணர்ச்சி, சொற்பிரிப்பு ஆகியவற்றை அறிந்தவர்கள் தமிழாசிரியர்கள். நிரல் அறிந்தவர்கள் இளைஞர்கள். இவ்விருவரும் அமர்ந்து பேசும் இடம் ஒவ்வோர் ஊரிலும் ஏற்பட வேண்டும். அடுத்த திட்டம் எழுதப்படும்போது நாம் வெறும் குடியிருப்பாளராக மட்டும் இருத்தல் போதாது. பதினைந்தை ஐந்தாக்கியது உலகோர் பலரின் உழைப்பு. ஐந்தை மூன்றாக்குவது நம்முடைய வேலை.