ஸனதும் சான்றிதழும்

ஹிஜ்ரி 319ஆம் ஆண்டு (கி.பி. 931) பக்தாதில் ஒரு வைத்தியரின் தவற்றால் நோயாளி ஒருவர் இறந்தார். செய்தியறிந்த அப்பாஸிய கலீஃபா முக்ததிர், தம் மருத்துவர் ஸினான் இப்னு ஸாபித் சோதித்து அனுமதித்தவரைத் தவிர வேறெவரும் வைத்தியம் செய்யலாகாது என்று முஹ்தஸிபுக்கு ஆணையிட்டார். சோதனைக்கு வந்தவர்கள் 860 பேருக்கும் அதிகம்.

இதனைப் பதிவு செய்த இப்னுல் கிஃப்தீ, உடன் நிகழ்ந்த ஒன்றையும் கூறுகிறார். கண்ணியமான தோற்றமுடைய முதியவர் ஒருவர் ஸினானிடம் வந்தார். "தங்கள் உஸ்தாத் யார்?" என வினவியபோது, அவர் பொற்காசுகளை எடுத்து முன்வைத்து, தமக்கு எழுதப் படிக்கச் சரியாகத் தெரியாது என்றும், இத்தொழிலை நம்பியே தம் குடும்பம் வாழ்கிறது என்றும் ஒப்புக்கொண்டார். ஸினான் சிரித்துவிட்டு, அறியாத நோயில் கைவைக்கக் கூடாது, இரத்தம் குத்தி எடுக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு அனுமதித்தார். மறுநாள் ஓர் இளைஞர் வந்தார். அவருடைய உஸ்தாத் யார்? நேற்று வந்த அந்த முதியவரே; அவர் இவருடைய தந்தை. அதே எல்லையை மீறாதிருக்கச் சொல்லி அவருக்கும் அனுமதி கிடைத்தது.

மாணவர்கள் இக்கதையைக் கேட்டுச் சிரிப்பார்கள். நமக்கோ அந்த இளைஞரே நினைவில் நிற்கிறார். தந்தையின் பெயரே அவருக்குச் சான்றிதழ். பக்தாதுக்குள் அது செல்லுபடியாயிற்று. ஊரைக் கடந்திருந்தால் என்னவாகியிருக்கும்?

சென்ற ஷவ்வாலில் ஒரு மாணவரின் வாப்பா நம்மிடம் வந்தார். மகன் ஹிஃப்ளை முடித்துவிட்டார், அல்ஹம்துலில்லாஹ். வயது பதினாறு; பள்ளிச் சான்று ஏதுமில்லை. "எங்கள் மேஸ்திரியிடம் வயரிங் வேலைக்கு விட்டுவிடவா, ஹஜ்ரத்? ஐ.டி.ஐ.யில் இரண்டு வருடம் வீணாகாதா?" என்று கேட்டார். பக்தாத் இளைஞரின் கேள்விதான், ஆயிரம் ஆண்டுகள் கழித்து.

நம் முன்னோர் தொழிலை மேஸ்திரியிடமே கற்றனர். கற்றதற்குச் சாட்சி அவருடைய வாய்ச்சொல். இந்திய அரசு 1950இல் கைவினைஞர் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. 1956இல் தேசியத் தொழிற்பயிற்சிக் குழுமம் அமைந்தது. 1961இல் தொழிற்பழகுநர் சட்டம் வந்தது. மேஸ்திரியை அறியாத ஒருவரும் நம்பத்தக்க காகிதம் பிறந்தது இவ்வாறுதான். நம் ஊர்களில் அப்போது அதனைப் பெரிதாக மதித்தவர் சிலரே.

1973இல் எண்ணெய் விலை உயர்ந்து வளைகுடா நாடுகள் கட்டுமானத்தில் இறங்கியபோது நம் வாப்பாமார்கள் பலர் புறப்பட்டனர். கையில் தொழில் இருந்தது, காகிதம் இல்லை. பின்னர் 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம் வந்தது. குறிப்பிட்ட நாடுகளுக்கு வேலைக்குச் செல்வோர் அரசின் அனுமதி பெற வேண்டும் என்றானது. கடவுச்சீட்டில் அதற்கான குறிப்பும் ஏறியது. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி பெற்றோருக்கும், அக்குழுமம் அங்கீகரித்த நிறுவனத்தில் இரண்டாண்டுப் பட்டயம் பெற்றோருக்கும் பிற்காலத்தில் விலக்குக் கிடைத்தது. விமானம் ஏறுமுன்பே காகிதம் பேசத் தொடங்கிவிட்டது.

அந்த வாப்பாவுடன் அமர்ந்து கணக்கிட்டோம். உதவியாளராகச் சென்றால் மாதம் பத்தாயிரம் ரூபாய் கிடைக்கும் என வைத்துக்கொண்டால், இரண்டாண்டில் 2,40,000 ரூபாய். சான்றிதழின் உண்மையான விலை அதுவே, கட்டணமன்று. நம் மாநில அரசு ஐ.டி.ஐ.களில் பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. அந்த 2,40,000 ரூபாய்க்குப் பதிலாகக் கிடைப்பது உடனடியான பெருஞ்சம்பளமும் அன்று. பழகுநர் பயிற்சிக்கும், பாலிடெக்னிக்கின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர்வதற்கும் வழி திறக்கிறது. மேஸ்திரியிடம் கழித்த இரண்டாண்டுகள், அவை எவ்வளவு நல்லவையாயினும், அக்கதவுகளைத் திறப்பதில்லை.

எல்லாக் காகிதமும் ஒன்றல்ல என்பதையும் சொன்னோம். நம் முன்னாள் மாணவர் ஒருவர் உம்மாவின் நகையை விற்று ஒரு தனியார் நிறுவனத்தில் ஆறு மாதப் பயிற்சி முடித்தார். வண்ண அச்சில் அழகான சான்று கிடைத்தது. அங்கீகாரமற்றது என்பதால் நேர்காணலில் அதனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பணம் கட்டுமுன் நாம் அதனை விசாரிக்கச் சொல்லியிருக்க வேண்டும். அந்த வருத்தம் இன்னும் உண்டு.

வேறொரு பொறுப்பும் நம்மைச் சேர்ந்ததே. 2006இல் வெளிவந்த சச்சார் குழு அறிக்கை, ஐ.டி.ஐ. சேர்க்கைக்கான தகுதியை எட்டாம் வகுப்பாகக் குறைக்கவும், மதரஸாவில் பயின்றோரையும் இத்தகைய பயிற்சிகளில் சேர்க்கவும் பரிந்துரைத்தது. நம் பிள்ளைகள் வாசலிலேயே நின்றுவிடுவதை அக்குழு கண்டிருந்தது. குர்ஆனை மனனம் செய்த ஒரு பிள்ளைக்கு எட்டாம் வகுப்புப் பாடம் எட்டாக் கனியா? ஹிஃப்ள் வகுப்போடு அதனையும் நடத்த நேரமில்லை என்று நாமே பல ஆண்டுகள் கூறிவந்தோம். தாவூத் (அலைஹிஸ்ஸலாம்) தம் கையுழைப்பால் உண்டார்கள் என்று மிம்பரில் கூறுபவர்களும் நாமே.

வயர்மேன், வெல்டர் பிரிவுகளுக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சி போதும். வெல்டர் ஓராண்டு, வயர்மேன் இரண்டாண்டு. எட்டாம் வகுப்பைத் தனித்தேர்வராகவும் எழுதலாம். இவற்றைச் சொன்னபோது வாப்பா விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். "அப்படியானால் மூன்று வருடம் ஆகிவிடுமே, ஹஜ்ரத்" என்றார். ஆம் என்றோம். பதில் கூறாமல் ஸலாம் சொல்லி எழுந்துவிட்டார்.

அடுத்த ஜும்ஆ முடிந்ததும் மகனுடன் வந்தார். பையில் எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் இருந்தது. அஸருக்குப் பின் யார் சொல்லிக் கொடுப்பார் என்று கேட்டார். இப்போது அந்த வகுப்பில் ஐந்து மாணவர்கள் உள்ளனர்.